வாயில் வெட்டுவது வயிற்றிலிருந்து வருகிறது

பித்தளைக் குடத்தின் உறுப்புகளை நாம் மனித உடம்பின் பெயர்களாலேயே சொல்வோம்: அடி, வயிறு, தோள், கழுத்து, வாய். வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா உறைக்கும் இதே பெயர்கள் அப்படியே பொருந்தும். உறையும் பித்தளைதான். நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அடி தடித்திருக்கும், வயிறு நீண்டிருக்கும், தோளில் ஒடுங்கி, மெல்லிய கழுத்தாகி, வாயில் முடியும். அந்த வாயில்தான் குண்டு செருகியிருக்கும்.

சுட்ட பிறகு குண்டு போய்விடும், வெடிமருந்து எரிந்துவிடும், உறை மட்டும் கையில் மிஞ்சும். ஒரு முழுத் தோட்டாவில் விலை கூடிய பாகமும் பெரும்பாலும் இந்த உறைதான். அதனால் அமெரிக்க வேட்டைக்காரர்களில் பலர் அதை எறிவதில்லை. கழுவி, அச்சில் அழுத்தி, நீளம் வெட்டி, மறுபடி பயன்படுத்துகிறார்கள். விஸ்கான்சினில் என் மகன் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே நவம்பரில், நன்றி நவிலல் நாளுக்கு முந்தின சனிக்கிழமை, மான் வேட்டைக்காலம் தொடங்கும். ஒன்பது நாள். அதற்கான உறைகளை அவர் ஆகஸ்டிலேயே மேசையில் பரப்பிவிடுவார். சென்ற கோடையில் இரண்டு மாலை நேரம் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம் அடுப்படிதான். அந்த வழியாகவே சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உவமைக்குத்தான் சமையலறை. இந்த வேலையைச் சமையலறையில் செய்யவே கூடாது. ஏன் என்று பின்னால் வரும்.

உறை எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கிறவர்களுக்கு இது ஒரு வரியில் புரியும். மாவு உருண்டையைத் தட்டையாக்கி, கட்டைவிரலை நடுவில் வைத்து, ஓரத்தை மேலே இழுத்து இழுத்துச் சொப்பு செய்கிறோம் அல்லவா? தொழிற்சாலையிலும் அதேதான். வட்டமான பித்தளை வில்லை. அதை உளி போன்ற ஒரு கம்பி அழுத்த, வில்லை கிண்ணமாகிறது. கிண்ணத்தை மறுபடி அழுத்த, ஆழமான குவளை. இன்னும் அழுத்த, குழாய். அடியில் பித்தளை தடித்தே நிற்கும், ஓரம் மெலிந்துகொண்டே போகும். சொப்பு செய்யும்போது மாவு காய்ந்தால் ஓரத்தில் வெடிப்பு விடும். உடனே கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வோம். பித்தளையும் இழுக்க இழுக்க இறுகி வெடிக்கப் பார்க்கும். அதற்குத் தண்ணீருக்குப் பதில் நெருப்பு. ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவில் காய்ச்சி இளக்கிக்கொள்கிறார்கள். பித்தளைக் குடம் தட்டும் கன்னார்களுக்கும் இது தெரிந்த சங்கதி: அடித்தால் இறுகும், காய்ச்சினால் இளகும்.

அவர் ஒரு பழைய உறையை நெடுக்குவாக்கில் ஹேக்ஸாவால் இரண்டாகப் பிளந்து வைத்திருந்தார். என் உள்ளங்கையில் வைத்தார். உட்பக்கத்தைப் பார்த்தால் ஆப்பத்தைக் குறுக்கே வெட்டியதுபோல இருந்தது. அடியில் கனம், மேலே வர வர மெல்லிசு, வாயருகில் சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த ஆப்ப வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம்.

சுடும்போது உள்ளே என்ன நடக்கிறது? குக்கரின் வெயிட் தூக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு. அவர் வைத்திருப்பது 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட 30-06 வகைத் தோட்டா. அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. நாலாயிரம் குக்கர். இந்த அழுத்தம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே நீடிக்கும். அதற்குள் புகை பின்பக்கம் கசியாமல் அடைக்க வேண்டும். குக்கரில் அந்த வேலையைக் காஸ்கெட் செய்கிறது. துப்பாக்கியில் காஸ்கெட் என்று தனியாக ஒன்றும் கிடையாது. உறையே காஸ்கெட். அழுத்தம் ஏறியதும் பித்தளைச் சுவர் விரிந்து, துப்பாக்கியின் உள்ளறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் இம்மியளவு சுருங்கி விட்டுக்கொடுக்கிறது. விட்டுக்கொடுத்தால்தான் உறையை வெளியே இழுக்க முடியும். ஒட்டவும் வேண்டும், விடவும் வேண்டும். பித்தளையைத் தேர்ந்தெடுத்ததே இந்த இரண்டு குணத்துக்காகத்தான்.

ஆனால் சுவர் எல்லா இடத்திலும் ஒரேபோல ஒட்டுவதில்லை. மேல்பக்கம் மெல்லிசு, அதனால் உடனே விரிந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். அடி தடிப்பு, அது விரியாது. பிடிப்பில்லாத அடியை அழுத்தம் பின்னுக்குத் தள்ளுகிறது. மேல் பாதி அறையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அடி பின்னுக்கு நகர, நடுவில் சிக்கிய சுவர் இழுபடுகிறது. அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே. பரோட்டா மாவை இரண்டு கையாலும் இழுத்தால் நடுவில் மெலியுமே, அதேபோல. ஒரு தடவை சுட்டதில் கண்ணுக்குத் தெரியாது. ஆறு தடவை, எட்டுத் தடவை சுட்ட உறையில் அந்த இடத்தில் உட்பக்கமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். என் கையிலிருந்த பிளந்த உறையில் நகத்தை வைத்துத் தடவினேன். நகம் அந்தப் பள்ளத்தில் தட்டி நின்றது.

இனி மேசைக்கு வருவோம்.

முதல் வேலை, அடியில் செருகியிருக்கும் எரிந்த ப்ரைமரைத் தள்ளி எடுப்பது. ப்ரைமர் என்பது தீக்குச்சியின் தலை மாதிரி. துப்பாக்கியின் ஊசி தட்டியதும் பற்றி, ஒரு சிறு துளை வழியாக மருந்துக்குத் தீயைக் கொடுக்கும். நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் புட்டுக்குழாயிலிருந்து புட்டை எடுக்கிறவிதம் தெரியுமல்லவா? அடிப்பக்கமாகக் குச்சியை விட்டுத் தள்ளினால் துளையிட்ட வில்லையோடு புட்டு வெளியே வரும். இங்கே குச்சி வாய் வழியாக இறங்குகிறது, நடுத்துளையில் நுழைகிறது, ப்ரைமர் அடியில் கழன்று விழுகிறது. இது முடிவதற்குக் காரணம் துளை சரியாக நடுவில் ஒன்றே ஒன்றாக இருப்பது. 1860-களில் இரண்டு பேர் தனித்தனியே ப்ரைமர் அமைத்தார்கள். இங்கிலாந்தின் பாக்ஸர் வைத்தது நடுவில் ஒரு துளை. அமெரிக்காவின் பெர்டான் வைத்தது பக்கத்தில் இரண்டு துளை. கடைசியில் அமெரிக்கா ஆங்கிலேயர் முறையையும், ஐரோப்பாவின் பெரும்பகுதி அமெரிக்கர் முறையையும் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் வீட்டு ஷெட்டில் இந்தக் கைவேலை இவ்வளவு பரவியதற்கு அந்த ஒற்றைத் துளை ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது துலக்கல். இங்கே எனக்கு ஒரு சந்தோஷம் காத்திருந்தது. அவர் கருத்துப்போன உறைகளை ஒரு ரப்பர் டிரம்மில் போட்டார். தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கம்பித் துணுக்கு போன்ற எவர்சில்வர் ஊசிகள், அதன்மேல் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம். டிரம் கிரைண்டர்போலச் சுழல ஆரம்பித்தது. நாம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே வேதியியல்தான். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் பித்தளைமேல் படிந்த கருப்பைக் கரைக்கும், உலோகத்தை அவ்வளவாகத் தின்னாது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது ஐம்பது உறைகளும் கார்த்திகைக்குத் துலக்கிவைத்த விளக்குகள் மாதிரி இருந்தன. டிரம்மில் மிஞ்சிய தண்ணீர் மட்டும் கன்னங்கரேல்.

சமையலறை கூடாது என்றேனே, அது இந்தத் தண்ணீருக்காக. வழக்கமான ப்ரைமர்களில் ஈயக் கூட்டுப்பொருள் இருக்கிறது. எரிந்த கரியில் அந்த ஈயம் தங்கும். உறையைத் துலக்கும்போது அது தண்ணீரில் வரும், உலர்ந்த முறையில் துலக்கினால் தூசியில் வரும். சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் இதை ஊற்றக்கூடாது. இதற்கு எடுத்த பாத்திரம் இதற்கு மட்டுமே. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவ வேண்டும், குழந்தைகள் அந்த மேசைப் பக்கம் வரக்கூடாது. வேலை நடக்கும்போது அவர் காப்பிக் கோப்பையைக்கூட ஷெட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது.

துலக்கிய உறை துலக்கிய உறையே தவிர, பழைய அளவுக்கு வந்துவிடவில்லை. சுட்டபோது விரிந்ததில் கொஞ்சமே சுருங்கியிருக்கும், மீதி விரிந்தபடியே நிற்கும். அதை அச்சில் தள்ளி அழுத்த வேண்டும். அச்சு என்றதும் முறுக்கு அச்சு ஞாபகம் வரும். ஆனால் இது முறுக்கு மாதிரி மாவைப் பிழிவதில்லை. புட்டுக்குழாய்போல ஓர் எஃகுக் குழாய், உறையின் வடிவத்துக்கே உள்ளே கடைந்தது. நெம்புகோலை இறக்க, உறை அடியிலிருந்து மேலே ஏறி அதற்குள் புகுந்து இறுகுகிறது.

புகுமுன் எண்ணெய் தடவ வேண்டும். இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவு ஊற்றினால் இட்லி பிய்ந்து வரும். இங்கே உறை பிய்ந்து வராது, அச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். நெம்பி இழுத்தால் அடியின் விளிம்பு கிழியும். பிறகு உறையைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் கூடிப்போனாலும் கேடு. எண்ணெய்க்கு அழுத்தினால் சுருங்கத் தெரியாது, தப்பிக்க வழியில்லாவிட்டால் உறையைத் தள்ளும். தோளில் விரல் வைத்து அமுக்கியதுபோலக் குழி விழும். அவர் ஆள்காட்டி விரலில் துளி லேனோலின் மெழுகு தொட்டு, வயிற்றுப் பகுதியில் மட்டும் தடவினார், தோளைத் தொடவில்லை. தோசைக்கல்லில் வெங்காயத்தைத் தேய்க்கிறவர்களின் கை அளவு.

எவ்வளவு ஆழம் அழுத்துவது என்பதில்தான் தேர்ந்த கை தெரியும். அச்சை அடிவரை இறக்கினால் தோள் தேவைக்கு மேல் பின்னுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட உறை துப்பாக்கியின் அறையில் டிபன் கேரியரின் பொருந்தாத அடுக்கு மாதிரி ஆடும். சுடும்போது அந்த இடைவெளி முழுவதையும் நிரப்ப, சுவர் அவ்வளவுக்கு அவ்வளவு இழுபடும். அடியருகே பள்ளம் சீக்கிரம் விழும். அவர் தன் துப்பாக்கியில் சுட்ட உறையின் தோளை அளந்து, அதிலிருந்து 0.05 மில்லிமீட்டர் மட்டும் பின்னுக்குத் தள்ளும்படி அச்சைத் திருகி வைத்திருந்தார். நம் தலைமுடியின் கனத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

இப்போது நீளம். கைமுறுக்கு சுற்றுகிறவர்கள் மாவைத் திரிப்பதைப் பாருங்கள். விரலிடையில் மாவு ஒல்லியாக ஆக நீளமாகும். மாவு எங்கும் போய்விடவில்லை, அகலத்தில் குறைந்தது நீளத்தில் வந்தது. அச்சில் இறுகிய பித்தளையும் அப்படியே மேலே, கழுத்துப் பக்கமாக நகர்கிறது. அச்சுக்குள்ளிருந்து வெளியே இழுக்கும்போது கழுத்தை அளவாக்கும் ஓர் உருண்டை உள்ளேயிருந்து உராய்ந்து வரும். அதுவும் கொஞ்சம் இழுத்துவிடும். ஆக, ஒவ்வொரு சுற்றிலும் உறை வளர்கிறது.

30-06 உறையின் உச்ச நீளம் 63.35 மில்லிமீட்டர். இதற்கு மேல் ஒரு நூலிழையும் கூடாது. வெட்ட வேண்டிய அளவு 63.09. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், சாதாரண வெள்ளைத் தாள் இரண்டு மூன்றை அடுக்கிய கனம். இந்தக் கால் மில்லிமீட்டருக்கு இத்தனை பாடு எதற்கு?

குக்கரில் பருப்பு வேகும்போது ஒரு பருப்புத் தோல் போய் வெயிட் துளையை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் சொல்லத் தேவையில்லை. ஆவி போகும் வழி இறுகினால் அழுத்தம் ஏறும். துப்பாக்கி அறையின் முன்கோடியில் ஒரு சிறிய படி உண்டு. அளவான உறையின் வாய் அந்தப் படிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும். சுட்டதும் கழுத்து விரியும், குண்டை விட்டுவிடும், குண்டு தடையின்றிப் புறப்படும். உறை நீண்டிருந்தாலோ, துப்பாக்கியின் பின்கதவை மூடும்போதே வாய் அந்தப் படியில் முட்டி உட்பக்கமாக மடங்கி, குண்டைக் கிள்ளிப் பிடித்துக்கொள்ளும். விரிய இடமில்லை. குண்டு புறப்பட மறுக்கும் அந்தக் கணத்தில் 60,000 என்று கணக்கிட்ட அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாரும் கணக்கிட முடியாது. துப்பாக்கி உடையலாம். கன்னம் வைத்துக் குறிபார்க்கும் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆகவே அளவை. அவர் வெர்னியர் காலிப்பரின் இரண்டு தாடைக்கும் நடுவில் உறையைப் பொருத்தி, மெல்லச் சுழற்றி, அளவு மாறாத இடத்தில் நிறுத்தினார். 63.30. அடுத்தது 63.37. அது உச்சத்தைத் தாண்டியிருந்தது. ஐம்பதையும் ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றை அளந்து மற்றதை ஊகிக்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

வெட்டுவது எப்போது என்பதில் புதியவர்கள் தவறுகிறார்கள். சோமாஸ் செய்கிறவர்கள் முதலில் மாவை மடித்து, ஓரத்தை அழுத்தி ஒட்டி, கடைசியில்தான் சோமாஸ் கரண்டியின் சக்கரத்தால் மிச்சத்தை வெட்டுவார்கள். முன்னாலேயே வெட்டினால் மடித்தபின் ஓரம் சரியாக வராது. இங்கேயும் அச்சில் அழுத்திய பிறகுதான் அளக்க வேண்டும், வெட்ட வேண்டும். அழுத்தும்போதே நீளம் கூடும் என்பதால், முன்னால் வெட்டிய அளவுக்கு அர்த்தமே இல்லை.

வெட்டும் கருவி கைப்பிடி வைத்த குட்டி லேத். உறையின் அடியை ஒரு பிடி கவ்விக்கொள்ளும். வாய்க்குள் ஒரு தண்டு நுழைந்து உறையை நடுவில் நிறுத்தும். தண்டின் கழுத்தில் சின்னச் சின்னப் பற்கள். கைப்பிடியைச் சுற்றினால் பற்கள் வாயைச் சீவும். தேங்காய்த் துருவி சுழல்வது போலத்தான், ஆனால் துருவல் பொன்நிறம். அவர் அழுத்தவில்லை. கைப்பிடி தன் போக்கில் சுற்ற, சரசரவென்ற ஓசை மெலிந்து மெலிந்து, பற்கள் இனி கடிக்க ஒன்றுமில்லை என்ற இடத்தில் நின்றது. என்னிடம் கொடுத்தார். சுற்றினேன். முதல் உறையில் அவசரப்பட்டதால் வாய் ஒரு பக்கம் சாய்ந்து வெட்டுப்பட்டது. இரண்டாவதில் கை பதம் பிடித்தது. அளந்தார். 63.09.

வெட்டிய வாயைத் தொட்டுப் பார்த்தேன். தகர டப்பாவைத் திறந்ததும் மூடி ஓரம் இருப்பதுபோலச் சுரீரென்றது. உள்ளேயும் வெளியேயும் பிசிறு. இப்படியே விட்டால் குண்டைச் செருகும்போது அதன் மேல்தோலைச் சீவிவிடும். கூம்பு வடிவக் கத்தியை உள்ளே வைத்து இரண்டு சுற்று, கருவியைத் திருப்பி வெளியே ஒரு சுற்று. கொட்டாங்கச்சியில் அகப்பை செய்கிறவர்கள் ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவதுபோல. பிசிறு போனால் போதும், கத்தி மாதிரிக் கூர்மையாகத் தீட்டக்கூடாது.

மேசையில் சிந்திய துருவலை அவர் ஒரு தகர மூடியில் கூட்டி வைத்தார். அப்போதுதான் எனக்கு இந்த வேலையின் மையம் புரிந்தது. அந்தத் துருவல் புதிதாக முளைத்த பித்தளை கிடையாது. உறையின் மொத்த எடை சுடுவதால் கூடுவதில்லை. வாயில் நீண்டது, வேறெங்கோ குறைந்தது. நான் நகத்தால் தடவிப் பார்த்த பள்ளம், அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே, அங்கிருந்துதான் இது புறப்பட்டு வந்திருக்கிறது. வாயில் நாம் வெட்டி எடுப்பதெல்லாம் வயிற்றில் இழந்தது. எத்தனை முறை வெட்டினோம் என்ற கணக்கு, உறையின் ஆயுளில் எவ்வளவு செலவாகிவிட்டது என்ற கணக்கு. நீளத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று நிம்மதி அடைகிறவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

மீதிப் பாதியைப் பார்க்க அவர் வைத்திருந்தது ஒரு பேப்பர் கிளிப். நிமிர்த்தி, நுனியை மட்டும் செங்கோணமாக மடக்கி, கூராக்கியிருந்தார். அதை வாய் வழியாக அடிவரை விட்டு, சுவரோடு உரசியபடி மேலே இழுப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் நல்ல உறை. எங்காவது தட்டினால் அங்கே பள்ளம். வெளிப்பக்கம் அதே உயரத்தில் பளபளப்பான வளையம் தெரிகிறதா என்றும் பார்ப்பார். அச்சின் விளிம்பு பட்டும் ஒரு கோடு விழும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றார். கண் சந்தேகப்பட்டால் கம்பி தீர்ப்புச் சொல்லும். இந்தச் சின்னக் கம்பிக்கு நிகரான கருவி அந்த மேசையில் வேறில்லை என்பேன்.

கழுத்துக்கு வேறொரு நோய். ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து, ஒடுங்கி, உருண்டையால் இழுபட்டு, அது இறுகிப்போகிறது. பரோட்டா மாவை அடித்துப் பிசைந்ததும் வீச முயன்றால் அது ரப்பர்போலத் திரும்பி வரும், பிடிவாதம் பிடித்து இழுத்தால் கிழியும். ஈரத்துணி போட்டு மூடி ஊறவிட்டால் பிறகு கண்ணாடிபோல விரியும். பித்தளைக்கு ஊறவிடுவதால் பயனில்லை, அதற்குச் சூடு வேண்டும். மாவில் இளகுவது கோதுமையின் பசைப்புரதம். பித்தளையில், நசுங்கிப் பின்னிக்கொண்ட படிகத் துகள்கள் கலைந்து புதுப் படிகங்கள் உருவாகின்றன. உவமை அங்கே நின்றுவிடுகிறது, ஆனால் கைக்குத் தெரியும் பலன் ஒன்றே.

சில நொடிகள் மட்டும் கழுத்தையும் தோளையும் சுடரில் சுழற்றுவார். ஏறக்குறைய 400 டிகிரி செல்சியசில் நிறம் மாறும் பூச்சைத் தடவி, அது மாறியதும் எடுத்துவிடுவார். அவருடைய அப்பா காலத்தில் தட்டில் தண்ணீர் ஊற்றி, உறைகளை நிறுத்தி, கழுத்தில் தீயைக் காட்டிவிட்டுத் தண்ணீரிலேயே சாய்த்துவிடுவார்களாம். தண்ணீர் எதற்கு? சூட்டைக் குளிர்வித்து இறுக்குவதற்கு என்று நினைக்கலாம். எஃகுதான் அப்படி இறுகும், பித்தளை இறுகாது. தண்ணீர் காத்தது அடியை. 60,000 பவுண்டைத் தாங்கும் அடி கடினமாகவே இருக்க வேண்டும். அது இளகிவிட்டால் அந்த உறை வெடிகுண்டுக்குச் சமம். சிலர் எல்லா உறையையும் ஒரு தட்டில் பரப்பி ஓவனில் வைத்துச் சூடாக்கலாமே என்று கேட்பார்களாம். கூடவே கூடாது. கழுத்துக்கு மட்டும் உரிய மருந்தை முழு உடம்புக்கும் கொடுப்பது அது.

கழுத்து இறுகியே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கான பழைய பாடம் நம் நாட்டில் நடந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் ராணுவத் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருப்பார்கள். யாரும் சுடாமல், தொடாமல், பெட்டிக்குள்ளேயே உறைகளில் வெடிப்பு விட்டன. மழைக்காலத்தில் வந்ததால் ஆங்கிலேயர் அதைப் 'பருவ வெடிப்பு' என்ற பொருளில் அழைத்தார்கள். காரணம் பருவம் அல்ல, குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் அடைபட்ட இறுக்கம், ஈரம், அம்மோனியா, இந்த மூன்றும் சேர்ந்தால் வெடிப்பு. உறையைக் காய்ச்சி இறுக்கத்தை எடுத்துவிட்டால் வெடிப்பு இல்லை. பித்தளை மெருகு திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கும். விளக்குக்கு அது பழுதில்லை, தோட்டா உறைக்கு அது நஞ்சு. புளியும் எலுமிச்சையும் எவ்வளவு சாது என்பது இப்போது தெரியும்.

மருந்து எவ்வளவு, எந்தக் குண்டு என்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது அச்சிட்ட கையேட்டை விரித்துவைத்துச் செய்யும் வேலை, நினைவிலிருந்து சொல்லவோ கேட்கவோ தகாதது. இந்தியாவில் இருக்கும் வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம். இதைப் படித்து வைத்துக்கொள்ளலாம், செய்து பார்க்கக்கூடாது.

இரண்டாம் நாள் மாலை அவர் உறைகளைப் பெட்டியில் அடுக்கினார். பெட்டியின் மூடியில் பென்சிலால் கோடுகள். வெட்டிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. ஐந்தாவது கோடு விழுந்ததும், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் பெட்டி முழுவதும் பழைய பித்தளைக்குப் போகும். இந்தப் பெட்டியில் மூன்று கோடு இருந்தது, நான்காவதைப் போட்டார். மூன்று உறைகளில் கம்பி தட்டியது. அவற்றை வேறு யாரும் தெரியாமல் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதென்று, வாயைக் குறடால் நசுக்கி டப்பாவில் போட்டார். மீதி நாற்பத்தேழு. அவற்றின் வாயிலிருந்து வந்த துருவல் தகர மூடியில் ஒரு சிட்டிகைதான் இருந்தது.